தீக்குச்சியைத் தேடினார்கள்: 1914-இல் எரிந்த கதிரடி இயந்திரங்கள்

இன்னைக்கு நாம போறது அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பக்கமும் ஐடஹோவின் ஓரமும் சேர்ந்த பகுதிக்கு பலூஸ் என்று பெயர். அலை அலையான குன்றுகள், அத்தனையிலும் கோதுமை. 1914 அறுவடை சீசனில் அந்த வட்டாரத்தில் சுமார் 300 கதிரடி இயந்திரங்கள் வெடித்தன, அல்லது தீப்பிடித்து எரிந்தன. ஒரே சீசனில்!

அந்தக் காலத்துக் களத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு பக்கம் நீராவி டிராக்டர். இன்னொரு பக்கம், லாரி சைஸுக்கு ஒரு கதிரடி இயந்திரம். இரண்டுக்கும் நடுவில் நீளமான ஒரு பெல்ட். டிராக்டரின் சக்கரம் சுற்ற, பெல்ட் ஓட, கதிரடி இயந்திரத்துக்குள் இரும்புப் பற்கள் வைத்த உருளை கதிர்க்கட்டுகளை அடித்து நொறுக்கும். டிராக்டரின் புகைபோக்கியில் இருந்து பொறி பறக்கும் என்பதால்தான் அதை அவ்வளவு தள்ளி நிறுத்துவார்கள். அப்போ முதல் சந்தேகம் யார் மேல வரும்? டிராக்டர் மேலதான். ஆனால் தீ கிளம்பியது இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளே.

அடுத்த சந்தேகம் மனுஷங்க மேல. யாரோ கதிர்க்கட்டுக்குள் தீக்குச்சியைச் செருகி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இதை லேசா எடுத்துக்காதீங்க. அறுவடைக்கு ஊர் ஊராக வந்த கூலித் தொழிலாளர்கள்தான் அந்தக் களங்களில் வேலை செய்தார்கள். அவர்களைச் சங்கமாகத் திரட்ட முயன்ற ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற அமைப்பைப் பண்ணை முதலாளிகள் நாசவேலைக்காரர்கள் என்றே பார்த்தார்கள். எரிந்துபோன இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரன் ஒருத்தன் நின்னா, கதை தானா எழுதிடும். நம்ம ஆபீஸ்ல சர்வர் படுத்தா, கடைசியா கோடை மாத்தினவன் யாருன்னுதான முதல்ல பார்ப்போம்? அதே புத்திதான். இங்கே அந்தப் புத்திக்குப் பலியாகக்கூடியது ஒருத்தனுடைய தினக்கூலியும் சுதந்திரமும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை இதை விசாரிக்க இறங்கியது. அதற்கு முந்தைய வருஷம், 1913 ஜூனில், பஃபலோ நகரத்தில் ஒரு தானிய ஆலை தூசியால் வெடித்து 33 பேர் செத்திருந்தார்கள். அதனால் தூசி வெடிக்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே உறைத்திருந்தது. டேவிட் பிரைஸ், மெக்கார்மிக் என்ற இரண்டு பேர் எழுதிய அறிக்கை 1916-இல் வெளியானது.

விடை கோதுமைக்குள்ளேயே இருந்தது. கரிப்பூட்டை நோய் தெரியுமா? ஒரு பூஞ்சை. வெளியே பார்த்தால் மணி மாதிரியே இருக்கும். உள்ளே மாவுக்குப் பதில் கறுப்புத் தூள், அழுகின மீன் நாற்றம். ஒரே மணிக்குள் பல லட்சம் வித்துகள். பலூஸில் இந்த நோய் அதிகம். இரும்புப் பற்கள் அந்த மணிகளை உடைத்ததும் கறுப்புத் தூள் இயந்திரத்துக்குள் மேகமாக எழும்பும். சுற்றிலும் காற்று, மூடின பெட்டி. ஒரு பொறி போதும், குண்டுதான்.

பொறி எங்கிருந்து? நிலைமின்சாரம். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பலூஸின் கோடைக்காற்று ஈரமே இல்லாதது. ஓடுற பெல்ட், உரசிக்கொண்டே போகும் காய்ந்த வைக்கோல், இரண்டும் மின்னூட்டத்தைச் சேர்க்கும். பின்னாளில் வந்த வான் டி கிராஃப் ஜெனரேட்டரும் ஓடும் பெல்ட்டை வைத்துத்தான் மின்னூட்டத்தை ஏற்றுகிறது. மரச்சட்டத்தில் பொருத்தின இரும்புப் பாகங்களுக்கு அந்த மின்னூட்டத்தைத் தரைக்கு அனுப்ப வழி இல்லை. ஒரு பாகத்தில் இருந்து இன்னொன்றுக்கு அது தாவினால் பொறி. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இது சுலபமா சேராது. டிசம்பர் பெங்களூரில் ஸ்வெட்டரைக் கழட்டும்போது படபடன்னு கேட்டிருப்பீங்க, அதேதான்.

கல், ஆணி சிக்கினாலும் பொறி வரும், சூடேறின பேரிங்காலும் வரலாம். ஆனால் அந்த அறிக்கை நிலைமின்சாரத்தையே முக்கியமாகப் பிடித்தது. தீர்வைப் பாருங்க: உருளை, சல்லடை, விசிறி என்று ஓடுகிற பாகங்களை எல்லாம் கம்பியால் இணைத்து, ஒரு இரும்புக் கம்பியில் கட்டி, அதைத் தரையில் ஆழமாக அடித்துவிடுவது. எர்த் பண்றது, அவ்வளவுதான். மேல்மண் காய்ந்திருந்தால் ஈரம் தட்டும்வரை அடிக்கணும். கூடவே தூசியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி.

மூலத்தையே அடைக்கவும் வழி இருந்தது. 1807-லேயே பிரெவோ என்ற ஆய்வாளர், இந்த நோய்க்குக் காரணம் பூஞ்சை என்றும், மயில்துத்தக் கரைசல் அதைத் தடுக்கும் என்றும் காட்டிவிட்டார். விதையை நனைத்து விதைத்தால் கறுப்புத் தூள் குறையும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே பேட்ச் ரெடி!

நம்ம ஹைவேயில் பெட்ரோல் டேங்கர்களுக்குப் பின்னால் தரையில் உரசிக்கொண்டு ஒரு சங்கிலி தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. பலூஸ் விவசாயி அடித்த அந்தக் கம்பிக்கும் இதுக்கும் வேலை ஒண்ணுதான்.