கீரிமலை நீராட்டும் மடத்துத் தங்கலும்

யாழ்ப்பாண வரலாறு எழுதியோர் அரசரையும் படையெடுப்புகளையும் சமயப் பணிகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மக்கள் ஓய்ந்திருந்த நாட்களைப் பற்றி அவர்கள் எழுதியது மிகக் குறைவு. வேலையை நிறுத்திக் கடற்கரையூர் ஒன்றிற் சில நாள் தங்குதல் மேனாட்டார் வழக்கென்றே பலரும் கருதுவர். நீர்வேலி போன்ற வேளாண் ஊர்களுக்கும் கீரிமலைக்கும் இருந்த தொடர்பை நோக்கின் இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

மேனாட்டிலும் இவ்வழக்கம் மிகப் பழையதன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில மருத்துவர் கடல்நீராட்டை மருந்தாக விதித்தனர். இத்தாலியின் றிமினி நகரிற் கடற்குளியல் நிலையம் 1843இல் திறக்கப்பட்டது. நோய் தீரச் சென்றோரின் வழியிலேயே பின்னர் உல்லாசப் பயணிகளும் சென்றனர். கீரிமலைக் கதைகளும் நோய் தீர்தலையே பேசுகின்றன. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் கதையும், குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கதையும் யாவரும் அறிந்தவை. பின்னையது, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையில் இடம்பெறுகின்றது. இவற்றை நடந்த நிகழ்ச்சிகளாகக் கொள்ளல் இயலாது. எனினும் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்நீருக்கு மருந்தென்ற பெயர் நிலைத்திருந்தமைக்கு இவை சான்றாகும்.

கேணியின் நீர் கடல்நீரன்று. குடாநாட்டின் சுண்ணக்கல்லில் ஊறி இறங்கும் மழைநீர் நிலத்தடி வெடிப்புகள் வழியே ஓடிக் கடலோரத்தில் ஊற்றாய் வெளிப்படுகின்றது. அலை மோதும் கரையில் நன்னீர் சுரப்பதைக் கண்டோர் அதனைத் தீர்த்தமெனப் போற்றியது இயல்பே.

நீர்வேலி செம்மண் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன் துலா மிதித்தே அத்தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சினர். கோடையில் ஒருநாள் இறைப்புத் தவறினும் பயிர் வாடும். அத்தகைய உழவன் 'ஓய்வெடுக்கப் போகிறேன்' என்று கூறிப் புறப்படுதல் அரிது. 'தீர்த்தமாடப் போகிறேன்' எனின் எவரும் குறை கூறார். ஆடி அமாவாசையும் பெற்றோரின் அந்தியேட்டியும் அவனுக்கு அவ்வாய்ப்பை நல்கின. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனச் செல்லும் ஏறத்தாழப் பத்து மைல் வழியை மாட்டுவண்டியிற் கடந்தபின் அன்றே திரும்புதல் எளிதன்று. ஆகவே மடங்கள் தேவையாயின.

மடங்கள் செல்வரின் அறக்கொடையால் எழுந்தவை. கீரிமலையிற் பெயர்பெற்ற சிறாப்பர் மடத்தின் பெயரே ஆராயத்தக்கது. சிறாப்பர் என்பது அரசாங்கக் காசாளரைக் குறித்த பதவிப்பெயர். குடியேற்ற ஆட்சியில் ஈட்டிய பொருள் வழிப்போக்கரின் திண்ணையாக உருப்பெற்றது எனலாம். தங்குவோர் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து தாமே சமைத்துண்டனர். தந்தையின் சாம்பலைக் கரைக்க வந்தவரும் மூட்டுவலி தீர நீராட வந்தவரும் ஒரே திண்ணையிற் படுத்துறங்கினர். துயரும் ஓய்வும் இவ்வாறு அடுத்தடுத்துக் கிடந்தமை மேனாட்டுக் குளியலூர்களிற் காண்டற்கரியது.

எனினும் இவ்வமைதி எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர்க்குக் கோயிலும் மடமும் நெடுங்காலம் அடைபட்டிருந்தன. அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை விடுத்துக் கீரிமலையின் வரலாற்றை எழுதுதல் முறையாகாது.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் பாழ்பட்ட நகுலேசுவரம், ஆறுமுக நாவலரின் தூண்டுதலுக்குப் பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டெழுந்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புடன் இணைப்பு முழுமையுற்றது. அதன்பின் உத்தியோகத்தர் குடும்பங்கள் விடுமுறைக்கு வடகரையை நாடலாயின. அவர்கள் காங்கேசன்துறை ஓய்வு விடுதியைத் தேட, உழவர் மடத்தையே நாடினர். 1950இல் அங்கு எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை, தீர்த்தத்தைச் சுரக்கும் அதே சுண்ணக்கல்லை அகழ்ந்து வளர்ந்தது. இம்முரண்பாட்டைப் பற்றி அக்காலத்தில் மேலும் உரக்கப் பேசியிருக்கலாம்.

1990இல் எல்லாம் நின்றன. மக்கள் இடம்பெயர்ந்தனர், கோயில் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று, அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த 2009இன் பின்னர் வழி சிறிது சிறிதாகத் திறந்தது. 2012இல் நகுலேசுவரத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது. 2015 சனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. கேணியில் இன்று கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆயின் பெரும்பாலோர் வாகனத்தில் வந்து நீராடி அன்றே திரும்புகின்றனர். நீராட்டு மீண்டது, தங்கல் முன்போல் மீளவில்லை. மடத்திற் கல்லடுப்பு மூட்டி இரவைக் கழித்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். எந்த மடத்தில் எவ்வூரார் தங்கினர், எவர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்பனவற்றுக்கான சான்றுகளிற் பல அறக்கொடை உறுதிகளிலன்றி அவர்களின் நினைவிலேயே உள்ளன.