பினாங்கு வரியில்லாத் துறைமுகம்

பினாங்கு வரியில்லாத் துறைமுகம் என்பது, மலாக்கா நீரிணையின் வடபகுதியிலுள்ள பினாங்குத் தீவு, தன்வழி ஏறி இறங்கும் சரக்குக்குச் சுங்கம் வாங்காமல் நடத்திய வணிக ஏற்பாடு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று தீவைக் கைக்கொண்டபோது தொடங்கிய இது, இடையில் சுங்கம் வாங்கிய காலம் நீங்கலாக, 1969 வரை நீடித்தது. பெரிய சுங்க எல்லைக்குள் சேர்க்கப்படும் சிறிய வணிக ஊர் எதை இழக்கும், எதைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதற்கு இது தெளிவான சான்று.

தோற்றமும் வணிகமும்

தீவு கெடா சுல்தானுடையது. சயாமின் நெருக்குதலுக்கு எதிராகப் படைத்துணை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் இடம் கொடுத்தார். கம்பெனி படை அனுப்பவில்லை. 1791 உடன்படிக்கை, சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று பேசி முடித்தது. 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாற, தொகை 10,000 ஆனது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை: மலேசிய மத்திய அரசு இன்றும் கெடாவுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது.

சுமத்ராவின் மிளகும் பேராக், புக்கெட் பகுதிகளின் ஈயமும் தீவின் துறைமுக நகரான ஜார்ஜ்டவுனில் கைமாறின. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா தெருவைச் சுற்றிக் கடை வைத்தார்கள். லெபோ பினாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன: நீண்ட கூடம், விலாசத்துக்கு ஒரு பெட்டி, அதன் முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த கணக்கர். ஈயத்துக்கும் ரப்பருக்கும் கடன் அங்கிருந்து போயிற்று. வந்த சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றிவிடலாம், சுங்கத்தில் பணம் முடங்காது என்பதே இந்த ஊரின் பலம்.

கூட்டரசும் பிரிவினைக் கோரிக்கையும்

1826 முதல் சிங்கப்பூர், மலாக்காவோடு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்தவரை சிக்கலில்லை. மூன்றுக்கும் ஒரே கொள்கை. 1946இல் மலாயன் யூனியனிலும், 1948இல் மலாயாக் கூட்டரசிலும் பினாங்கு சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் வெளியே நின்றது. தீவிலிருந்து தீபகற்பத்துக்குப் போகும் சரக்கு சுங்கக் கணக்கில் வெளிநாட்டுச் சரக்காகவே நடத்தப்பட்டது. போட்டியாளரான சிங்கப்பூருக்கோ முழுச் சுதந்திரம். வணிகர்களின் ஆத்திரம் 1948 இறுதியில் பினாங்குப் பிரிவினைக் குழுவாக உருவெடுத்தது. 1949 பிப்ரவரியில் பினாங்குக் குடியேற்ற மன்றத்தில் வந்த பிரிவினைத் தீர்மானம் 15க்கு 10 என்ற கணக்கில் தோற்றது. லண்டனுக்கு அனுப்பிய மனுவை 1951இல் பிரிட்டன் தள்ளியது. காலனியாகவே இருக்கிறோம் என்ற கோரிக்கை அந்தக் காலத்துக்கு ஒவ்வாதது. ஆனால் வணிகம் பற்றிய அவர்களின் அச்சம் பொய்யாகவில்லை.

1963இல் மலேசியா உருவானதும் இந்தோனேசியா வணிக உறவை முறித்தது. சுமத்ராச் சரக்கு நின்றது. சண்டை கோலாலம்பூருக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே. அடி விழுந்தது ஜார்ஜ்டவுன் படகுத்துறையில். 1969இல் வரியில்லா நிலையும் ரத்தானது. வேலையின்மை பெருகியது.

வேலிக்குள் மீண்ட சலுகை

அதே 1969இல் பினாங்கு முதலமைச்சரான லிம் சொங் இயூவின் கையில் சுங்க அதிகாரம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி வெளியுறவும் சுங்கமும் மத்திய அரசுக்கு உரியவை. நிலம் மாநிலத்துக்கு உரியது. அவர் நிலத்தைப் பிடித்துக்கொண்டார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் மனை தயார் செய்தது, மத்திய அரசின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் வரிவிலக்குத் தந்தது. 1972இல் தீவிலுள்ள பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வலயம் எழுந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, போஷ் ஆகியவை முதலில் வந்தவற்றுள் சில. தீவு முழுதும் இருந்த சலுகை வேலிக்குள் சுருங்கியது. ஆனால் இடைத்தரகு வணிகத்தால் தரமுடியாத அளவு ஆலைவேலை அந்த வேலிக்குள் கிடைத்தது.

ஐரோப்பாவில் ஹாம்பர்க் இதே வழியில் போயிற்று. 1888இல் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் நுழைந்தபோது துறைமுகத்தின் ஒரு பகுதியை மட்டும் வரியற்றதாக வைத்துக்கொண்டது; 2013இல் அதையும் கைவிட்டது.

இன்று பாயான் லெப்பாஸ் சரக்கின் வரிநிலையை ஆசியான், ஆர்செப் போன்ற வட்டார வணிக ஒப்பந்தங்களும் பாதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துடன் மலேசியா 2010இல் தொடங்கி 2012இல் நின்ற வணிக ஒப்பந்தப் பேச்சு 2025இல் மீண்டும் தொடங்கியது. முதலீட்டாளரைத் தேடிப் பிடிப்பதற்குப் பினாங்கு தனியே இன்வெஸ்ட்பினாங்கு என்ற அமைப்பை நடத்துகிறது. ஆனால் ஒப்பந்த மேசையில் உட்காருவது மத்திய அரசின் வணிக அமைச்சு.