இரஞ்சன்குடியும் சிராப்பள்ளியும்: இரு குன்றுகளுள் ஒன்று

குன்னத்திலிருந்து பெரம்பலூர் சென்று சென்னை நெடுஞ்சாலையில் நிற்பார்க்கு இரு திசையிலும் பழமை சான்ற குன்று ஒவ்வொன்று உண்டு. வடக்கே 17 கி.மீ. தொலைவில் இரஞ்சன்குடிக் கோட்டை. தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை. வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு நாளே வாய்க்குமாயின் இவ்விரண்டனுள் எதனைக் காண்டல் தகும்? பெரும்பாலோர் ஆராயாமலே தெற்கு நோக்கிச் செல்வர். வடக்கே திரும்புவதே தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சிராப்பள்ளியின் பெருமையை மறுப்பார் இலர். 272 அடி உயரமுள்ள அப்பாறையின் மேற்பகுதியில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உளது. ஆங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அவனைக் குணபரன் எனச் சுட்டுகின்றது. அவன் வேற்று நெறியினின்று நீங்கி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டமையை அது குறிப்பதாகக் கொண்டு, அப்பரோடு அவனைத் தொடர்புறுத்துவார் பலர். அப்பாட்டின் சொற்கள் இருபொருள் படுவன ஆதலின் அம்முடிபை ஏலாதாரும் உளர். கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் சிற்பம் பல்லவர் கலைக்கு ஒரு சான்று. உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறத்தே சமணர் கற்படுக்கைகளும் உள. பல்லவர் கல்வெட்டே தம் பொருளாகக் கொண்டோர் அங்குச் செல்லுதலே முறை. அவரை நாம் தடுத்தல் வேண்டா.

ஆயின், 'கோட்டை' என்னும் பெயரை நம்பிச் செல்வார் அங்குக் காண்பது யாது? ஊரைச் சூழ்ந்திருந்த மதில்கள் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. மேற்கே மெயின்கார்டு கேட் என வழங்கும் வாயில் ஒன்று எஞ்சி நிற்கின்றது. முற்றுகை பல கண்ட அரணின் அமைப்பைக் கடைத்தெருக்களின் இடையே உய்த்துணர்தல் அரிது.

இரஞ்சன்குடியின் நிலை இதற்கு மறுதலை. ஆங்குத் தொன்மையான குடைவரை இல்லை. கருநாடக நவாபுகளின் கீழிருந்த சாகீர்தாரால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது எனக் கூறப்படும் கோட்டை அது. எனினும் அரண் அரணாகவே நிற்கின்றது. அகழியும், அரைவட்டக் கொத்தளங்களும், வெட்டுக்கற்களால் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்த மூன்று மதில்களும், கீழே பேட்டையும், மேலே கோட்டைமேடும் இன்றும் காணலாம். இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள சின்னம் இது.

இனி, இங்கு நிகழ்ந்த போர் பற்றி ஒன்று கூறல் வேண்டும். 1751-இல் நடந்த வாலிகொண்டாப் போரில் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் வென்றனர் எனப் பலரும் எழுதி வருகின்றனர். அக்காலப் போர்களைத் தொகுத்துரைத்த இராபர்ட்டு ஓர்ம் எழுதிய நூலின் முதற் பகுதி 1763-இல் வெளிவந்தது. வாலிகொண்டா எனப் பெயரிட்டு அவர் வருணிக்கும் இடம், 200 அடி உயரமுள்ள பாறையும் அதனை மூன்று நிலைகளிற் சூழ்ந்த மதில்களும் உடையது. வாலிகண்டபுரத்தை அடுத்து இவ்வடையாளங்கள் பொருந்துவது இரஞ்சன்குடியே. அவர் கூறும் செய்தியோ வேறு. கில்லேதார் இரு தரப்பாரோடும் பேச்சு வளர்த்து, எவர்க்கும் கதவு திறவாது காலம் போக்கினான். பொறுமை இழந்த ஆங்கிலப் படை பேட்டையைத் தாக்கிற்று. கற்கோட்டையை அதனாற் கொள்ள இயலவில்லை. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முன்னேறவே, ஆங்கிலப் படை நிலைகலங்கி ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கிச் சிராப்பள்ளி சேர்ந்தது. அப்படையில் உணவுப்பொருள் அலுவலராக இருந்தவர் கிளைவு. அவ்வாண்டே அவர் ஆர்க்காட்டின்மேற் சென்றது சிராப்பள்ளியின் நெருக்கடியைத் தளர்த்துதற்கே.

அங்ஙனமாயின் வெற்றி என்னும் வழக்கு எங்ஙனம் எழுந்தது? 1752-இல் அதே இடத்தில் மற்றொரு போர் நிகழ்ந்தது. திருவரங்கத்தில் அகப்பட்டிருந்த லா என்பாரை மீட்கப் புறப்பட்ட தோத்தேய் என்னும் பிரெஞ்சுத் தளபதி வழி மறிக்கப்பட்டு இக்கோட்டைக்கு ஒதுங்கினார். இம்முறை கில்லேதார் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டமையின் கற்கோட்டை அவர்க்குத் திறக்கப்படவில்லை. கிளைவிடம் அவர் சரணடைந்தார். அதனை அடுத்துத் திருவரங்கத்தில் லாவும் பணிந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றாக மயங்கியமையாலேயே 1751-இன் பின்வாங்கல் வெற்றியாக மாறிற்று எனக் கருதுகின்றோம்.

இம்முடிபை ஏட்டளவில் நிறுத்தாது ஆய்தற்கு ஏற்ற இடம் கோட்டைமேடே. பேட்டை மாற்றார் வசமானபின்னும் கற்கோட்டை தனித்து நிற்கக் கூடுமா? கூடும் என்பது இடை மதிலின் உயரத்தைக் கண்டவுடன் விளங்கும். படைவலி குறைந்த கில்லேதார் ஒருவன் இரு பெரும் படைகளைக் காத்திருக்கச் செய்தது எவ்வாறு என்பதும் அப்போதே புலனாகும். அவன் பெயரைக்கூட நம் பாடநூல்கள் கூறுவதில்லை. கிளைவின் பெயரை மட்டும் பன்முறை கூறும்! மகேந்திரனின் கல்வெட்டுப் படியெடுக்கப்பட்டு அச்சேறியுள்ளது. அறையிலிருந்தே அதனைக் கற்கலாம். இரஞ்சன்குடியின் சான்று எழுத்தில் இல்லை. கற்களின் கிடக்கையில் உள்ளது.

செல்வோர் காலையிலேயே ஏறுதல் நன்று. மேலே நிழல் குறைவு, பாறையின் வெம்மையும் மிகுதி. இறங்கியபின் பொழுது இருப்பின், திரும்பும் வழியில் வாலிகண்டபுரத்து வாலீசுவரர் கோயிலையும், பெரம்பலூரைக் கடந்து ஊட்டத்தூரையும் காணலாம். 1751-இல் ஆங்கிலப் படை பின்வாங்கிய திசை அதுவே. அவ்வழியே மேலும் செல்வார்க்குச் சிராப்பள்ளிப் பாறை தானே எதிர்ப்படும்.