சாக்கடல் படுகை

சாக்கடல் படுகை என்பது யோர்தான், இசுரேல், மேற்குக் கரை ஆகியவற்றுக்கு இடையில் அமைந்துள்ள நீண்ட, ஒடுங்கிய தாழ்நிலம் ஆகும். உலகின் நிலப்பரப்பில் நீராலோ பனியாலோ மூடப்படாத மிகத் தாழ்ந்த இடம், இப்படுகையிலுள்ள சாக்கடலின் கரையாகும். பெயரில் கடல் என்றிருந்தாலும் சாக்கடல் ஓர் உப்பேரியே.

தோற்றம்

பள்ளத்தாக்குகள் பலவும் ஆற்று அரிப்பினால் உண்டாகின்றன. இப்படுகையோ நிலமே கீழிறங்கியதால் உருவானது. அராபியத் தட்டையும் அதன் மேற்கிலுள்ள ஆப்பிரிக்கத் தட்டுப் பகுதியையும் பிரிக்கும் பிளவு இதன் வழியே செல்கிறது. இரண்டும் வடக்கு நோக்கியே நகர்ந்தாலும், அராபியத் தட்டு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கூடுதலாக நகர்கிறது. பிளவு நேர்கோடாக இருந்திருந்தால் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து செல்வதோடு நின்றிருக்கும். இங்கு ஒரு பிளவு முடியுமிடத்தில், சற்று விலகி மற்றொன்று தொடங்குகிறது. இடைப்பட்ட நிலம் இழுபட்டு, மெலிந்து, தாழ்கிறது.

தாழத் தாழ, மண்ணும் உப்பும் அதனுள் படிந்துவந்தன. இப்படிவுகளின் தடிப்பு பல கிலோமீட்டர் ஆகும். எனவே கண்ணுக்குத் தெரியும் பள்ளம் உண்மையான இறக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே. மழை மிகுந்த நாடாயின் இப்பள்ளம் நிரம்பி வழிந்திருக்கக்கூடும். இங்கோ வரும் நீர் வெளியேற வழியின்றி ஆவியாகிறது. ஏரிநீரின் உப்புச்செறிவு கடல்நீரினதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காக இருப்பது இதனாலேயே.

நீர்மட்ட வீழ்ச்சியும் அமிழ்வுக்குழிகளும்

1960களில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 395 மீட்டர் கீழே இருந்த ஏரியின் நீர்மட்டம், 2020களில் 430 மீட்டருக்கும் கீழே சென்றுவிட்டது. யோர்தான் ஆற்றின் நீரும் அதன் துணையாறுகளின் நீரும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் திருப்பப்பட்டதே முதன்மைக் காரணம். உப்புத் தொழிற்சாலைகளின் ஆவியாக்கற் பாத்திகளும் நீரைக் குறைக்கின்றன.

ஏரி பின்வாங்கியதன் விளைவு கரையின் அடியில் தெரிந்தது. அங்குள்ள பழைய உப்புப் படையை முன்னர் உவர்நீர் சூழ்ந்திருந்தது; ஏற்கனவே உப்பு நிறைந்த அந்நீர் மேலும் உப்பைக் கரைக்கவில்லை. உவர்நீர் விலகியதும் மலைப்பக்கத்து நன்னீர் உள்ளே புகுந்து உப்பைக் கரைக்கிறது. வெற்றிடம் பெருகி, மேற்கூரை தாங்காதபோது நிலம் திடீரென உள்விழுகிறது. 1980கள் முதல் இவ்வாறு ஆயிரக்கணக்கான அமிழ்வுக்குழிகள் தோன்றியுள்ளன. சாலைகள், பேரீச்சந் தோட்டங்கள் கைவிடப்பட்டன. 2015இல் மேற்குக் கரையோரத்தில் மக்கள் நீராடும் இடமொன்று மூடப்பட்டது.

படுகையைத் தோற்றுவித்த இறக்கத்துக்குப் பல மில்லியன் ஆண்டுகள் தேவைப்பட்டன. இக்குழிகளுக்குச் சில ஆண்டுகளே போதுமாகின்றன. பல இடங்களில் குழி விழுவதற்கு முன்னர் நிலம் மிகச் சிறிதளவு தாழ்வதால், செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் இடர்மிகு பகுதிகளைக் கண்காணிக்கின்றனர்.