சாம்பல் மேடுகள் சொல்லும் பருவக் கணக்கு

கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளிலும், அவற்றை அடுத்த ஆந்திர, தெலங்கானப் பகுதிகளிலும் கருங்கற்குன்றுகளின் அருகே சாம்பல் மேடுகள் உள்ளன. ஹம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரத்து மேட்டை வாலியின் உடலை எரித்த இடம் என்கிறது ஊர்க்கதை. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இம்மேடுகள் எரிந்த மாட்டுச் சாணத்தால் ஆனவை என்று கருதினார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

1957இல் எஃப். ஆர். ஆல்சின் உட்னூரில் அகழ்ந்தபோது, பெருமரங்களை நட்டு அமைத்த மாட்டுப்பட்டியின் தடயங்கள் வெளிப்பட்டன. பட்டி எரிந்திருக்கிறது, அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டு மீண்டும் எரிந்திருக்கிறது. சாம்பலுக்கிடையே மாடுகளின் குளம்புத் தடங்களும் பதிந்திருந்தன. கி.மு. மூன்றாம், இரண்டாம் ஆயிரமாண்டுகளில் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் பட்டிகள் அவை.

உழவர் எருவாகப் போற்றும் சாணத்தை இவர்கள் ஏன் எரித்தார்கள்? பகைவர் வைத்த தீ என்றால் ஓரிரு முறை நிகழ்ந்திருக்கும், அடுக்கடுக்காய்த் தொடர்ந்திராது. ஆல்சின் இதைப் பருவச் சடங்காகக் கண்டார். மேய்ச்சலுக்கு இடம்பெயரும் காலத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ பட்டிக்குத் தீயிட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. ஹோலி, பொங்கல் போன்ற விழாக்களில் நெருப்பும் மாடும் பெறும் இடத்தையும் அவர் இதனோடு இணைத்துப் பார்த்தார். பொங்கலுக்கு முதல்நாள் பழையன கழித்து எரிக்கும் நமக்கு இவ்வொப்புமை வியப்பளிக்காது. ஆயினும் ஒப்புமை சான்றாகிவிடாது.

1990களில் புதிஹாளில் கே. பத்தய்யா நடத்திய அகழாய்வு இச்சித்திரத்தைச் சற்றே மாற்றியது. அங்கே பட்டியை ஒட்டிக் குடியிருப்பும் இறைச்சி அறுத்த களமும் கற்கருவி செய்த இடமும் இருந்தன. ஆகவே இவற்றை வெறும் கோடைக்காலத் தங்கிடங்கள் என்று ஒதுக்க இயலாது. இக்காலத்து மக்கள் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் பயிரிட்டதையும் கருகிய விதைகள் காட்டுகின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆண்டுச் சுழற்சி புலப்படுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் புல் தழைக்கும், விதைப்பும் நடக்கும். பயிர் நிற்கும் நிலத்திலிருந்து மந்தையை விலக்கியாக வேண்டும். அறுவடைக்குப்பின் தாள் மேய விடலாம். கோடையில் புல்லும் நீரும் வற்ற, ஒருசாரார் மந்தையோடு வெளியேற, மற்றவர் ஊரில் தங்கியிருக்கலாம். இது நம் ஊகமே. ஆனால் மண்ணும் மழையும் இதற்கு அதிக வழிகளை விட்டுவைக்கவில்லை.

வரலாற்றேடுகளில் ஆயர்கள் பெரும்பாலும் 'நாடோடிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்குத் திரும்பிவந்து பட்டி கட்டியவர்களுக்கு அச்சொல் பொருந்துமா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லவில்லை. இச்சாம்பல் அடுக்குகளே அவர்களுடைய ஆவணம். அவற்றையும் உழவர்கள் வயலுக்கு உரமாக வண்டி வண்டியாய் அள்ளிச் சென்றதால் பல மேடுகள் சிதைந்தன. எஞ்சியவற்றையேனும் காத்தால்தான் இந்த விவாதமும் உயிரோடிருக்கும்.