எபிரெயத் தீர்க்கதரிசன நூல்களில் பாவமும் மனந்திரும்புதலும்

எபிரெய வேதாகமத்தின் தீர்க்கதரிசன நூல்களில் பாவம் என்பது கடவுளுக்கும் இஸ்ரவேல் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கையை மீறுவது. மனந்திரும்புதல் என்பது அந்த உறவுக்குத் திரும்பி வருவது. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகிய மூன்று பெரிய நூல்களும், ஓசியா முதல் மல்கியா வரையிலான பன்னிரண்டு சிறிய நூல்களும் இத்தொகுதியில் அடங்கும். இவற்றின் பின்புலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தைய காலம் வரை நீள்கிறது. நீதி தவறிய சமூகத்தின் வழிபாடு ஏற்கப்படாது என்பது இந்நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

சொற்கள்

பாவத்தைக் குறிக்க மூன்று எபிரெயச் சொற்கள் மிகுதியாக வருகின்றன. ‘ஹத்தாத்’ என்பதன் வேர்ச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்ற பொருள் உண்டு. நியாயாதிபதிகள் நூலில் கவண் எறிவதில் குறி தப்பாத பென்யமீன் வீரர்களைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அந்த வேரே வருகிறது. ‘ஆவோன்’ கோணலையும் அதனால் வரும் பழியையும் குறிக்கும். ‘பெஷா’ என்பது கலகம். மோவாப் மன்னன் இஸ்ரவேலின் மேலாட்சியை உதறியதைச் சொல்ல இதன் வினைவடிவமே ஆளப்படுகிறது. தமிழ் வேதாகமத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் முறையே பாவம், அக்கிரமம், மீறுதல் என்று பெயர்க்கப்பட்டுள்ளன.

மனந்திரும்புதலுக்கு உரிய வினை ‘ஷூவ்’. வழிப்போக்கர் ஊர் திரும்புவதற்கும் இதே சொல்தான். எபிரெய வேதாகமத்தில் இது ஆயிரம் முறைக்கு மேல் வருகிறது. ‘தெஷுவா’ என்னும் பெயர்ச்சொல் மனந்திரும்புதலைக் குறிக்கும் கலைச்சொல்லானது பிற்கால யூத ரபிகளின் வழக்கில்.

பாவமும் அநீதியும்

யூதாவின் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆமோஸ், இரண்டாம் யெரொபெயாம் ஆட்சியில் வட நாடான இஸ்ரவேலில் பேசினார். சிறு கடனுக்காக ஏழையை விற்பது, அளவைக் குறைத்துக் கள்ளத் தராசில் தானியம் விற்பது, நீதிமன்றத்தில் கைக்கூலி வாங்குவது ஆகியவற்றை அவர் பாவமாக எண்ணிச் சொல்கிறார். ஏழையிடம் அடகு வாங்கிய மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்பது மோசேயின் சட்ட நூல்களான தோராவின் விதி. அத்தகைய ஆடைகளைப் பலிபீடத்தின் அருகிலேயே விரித்துப் படுப்பவர்களை ஆமோஸ் கண்டிக்கிறார். இங்கே அநீதியும் வழிபாடும் ஒரே காட்சியில் வருகின்றன. ஓசியாவுக்கோ கானானியத் தெய்வமான பாகாலை வழிபடுவதே முதன்மைக் குற்றம். மனைவி கோமேருடனான தம் மண வாழ்வின் முறிவை, உடன்படிக்கைத் துரோகத்தின் உருவகமாக அவர் ஆக்குகிறார்.

மெய்யான பக்தி

ஏசாயா நூலின் முதல் அதிகாரத்தில் பலி, தூபம், பண்டிகை, ஜெபம் என அனைத்தும் மறுக்கப்படுகின்றன. ஜெபிப்பவரின் கைகளில் இரத்தம் இருப்பதே காரணம். அநாதைக்கும் விதவைக்கும் நியாயம் செய்வதே அங்கு கேட்கப்படும் மாற்றம். 58ஆம் அதிகாரம் உபவாசத்தை அடிமைத்தளை அவிழ்ப்பதோடும் பசித்தவருக்கு உணவிடுவதோடும் இணைக்கிறது. ஆலயம் இருப்பதே எருசலேமுக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை, முன்னாளில் வழிபாட்டுத் தலமாயிருந்து பாழாய்ப்போன சீலோவைச் சுட்டி எரேமியா மறுத்தார். அதற்காக அவருக்கு மரண தண்டனை கோரப்பட்டது. கி.மு. 586இல் பாபிலோனியர் ஆலயத்தை அழித்தனர்.

இத்தகைய கண்டனங்களைக் கொண்டு தீர்க்கதரிசிகள் பலி முறையையே ஒழிக்க முனைந்தனர் என்று கூறிவிட முடியாது. எரேமியாவும் எசேக்கியேலும் ஆசாரியக் குடும்பத்தினர். குருடும் ஊனமுமான விலங்குகளைப் பலியிடுவதை மல்கியா கண்டிக்கிறார். பலி முறைப்படி நடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

திரும்புதலின் இயல்பு

விடியற்காலப் பனிபோல் மறையும் பக்தியை ஓசியா மனந்திரும்புதலாக ஏற்பதில்லை. யோவேல், ஆடையைக் கிழிக்கும் துக்கச் சடங்குக்கு மேலாக உள்ளம் உடைவதை வைக்கிறார். முன்னோரின் பாவத்துக்குப் பிள்ளைகள் தண்டனை பெறுகின்றனர் என்ற பழமொழியை எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் மறுத்து, பொறுப்பைத் தனிமனிதர் மேல் சுமத்துகிறது. தீயவர் திரும்பினால் பழைய குற்றம் எண்ணப்படாது. நேர்மையாளர் வழுவினால் பழைய நன்மையும் காக்காது. அதே நூல் 36ஆம் அதிகாரத்தில் கல்லான இதயத்தை நீக்கிப் புதிய இதயத்தைத் தருபவர் கடவுளே என்கிறது. மனித முயற்சியும் தெய்வக் கொடையும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

பிற்கால வழக்கு

யோனா நூலில் அசீரிய நகரமான நினிவே மனந்திரும்பி அழிவிலிருந்து தப்புகிறது. மன்னிப்பு இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதல்ல என்பது இதனால் புலப்படும். யூதரின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில், காலையில் ஏசாயாவின் உபவாசப் பகுதியும் பிற்பகலில் யோனா நூலும் வாசிக்கப்படுகின்றன. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, பொது உபவாச நாளில் முதியவர் ஒருவர் சபைக்கு நினிவேயை நினைவூட்ட வேண்டும் என்று விதிக்கிறது. அந்நகரத்தாரின் சாக்குத்துணியையும் உபவாசத்தையும் கடவுள் கண்டதாக நூல் கூறவில்லை, அவர்களுடைய செயல்களைக் கண்டதாகவே கூறுகிறது என்பது அவர் எடுத்துச் சொல்ல வேண்டிய விளக்கம்.