இரவல் கணினிகள்: சொந்தம் யாருக்கு?

கூலியில்லாத உழைப்பு என்றதும் நமக்கு அடுப்படியும் வயலும்தான் ஞாபகம் வரும். சும்மா கிடக்கும் கணினியின் உழைப்பையும் அந்தப் பட்டியலில் வைத்துப் பேச வேண்டும் என்கிறேன் நான்.

1999 மே மாதம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸெட்டி அட் ஹோம் என்ற திட்டம் தொடங்கியது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் பதிவான இரைச்சலைத் துண்டுதுண்டாக்கி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். வேற்றுலக அறிவுயிர்களின் சைகை ஏதும் உண்டா என்று அவை சலித்துப் பார்த்தன. இத்திட்டத்தின் முதல் வடிவம் 2005 டிசம்பரில் நிற்பதற்குள் 50 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். கரண்ட் பில் அவரவர் செலவு. ஆனால் மூலநிரல் பூட்டியே கிடந்தது. திறந்துவிட்டால் நிரலைத் திருத்திப் பொய் விடை அனுப்புவார்கள் என்று பயம். உழைப்பைக் கொடு, உள்ளே மட்டும் எட்டிப் பார்க்காதே! அதிகாரம் வழக்கமாகப் பேசுகிற பேச்சுதான் இது.

பூட்டு பலிக்கவில்லை, போலி விடைகள் அப்போதும் வந்தன. கைகொடுத்தது வேறொரு வழி. ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அனுப்புவது, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்பது. ரகசியத்தின் இடத்தில் பரஸ்பரச் சரிபார்ப்பு வந்தது. இதை நான் ஒரு தொழில்நுட்ப மாற்றமாக மட்டும் பார்க்கவில்லை. யாரை நம்புவது என்ற கேள்விக்கு இங்கே வேறு பதில் கிடைக்கிறது.

அதே வளாகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான பாயின்க் என்ற பொதுக் கட்டமைப்பின் மூலநிரல் 2002இல் வெளியே வந்தது. 2004இல் ஸெட்டியும் அதற்கு மாறத் தொடங்கியது. இன்று பாயின்க்குக்கு இருப்பது எல்.ஜி.பி.எல். உரிமம். பாயின்க்கைத் திருத்தி விநியோகிப்பவர் திருத்தத்தையும் திறந்து வைக்க வேண்டும். அதன்மேல் ஓடுகிற ஆய்வு நிரலுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. 2005இல் தொடங்கிய ரொசெட்டா அட் ஹோம் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிறது. அதன் ரொசெட்டா நிரல் கல்வியாளர்களுக்கு இலவசம், கம்பெனிகளுக்குக் காசு. வண்டி பொது, சரக்கு தனிச்சொத்து. சமரசம்தான், மறுக்கவில்லை. இது இல்லாவிட்டால் பல ஆய்வுக்கூடங்கள் வந்தே இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணினி கொடுத்தவருக்கு அந்தச் சரக்கில் என்ன பங்கு? உரிமம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இன்னொன்றையும் அது பேசுவதில்லை: பராமரிப்பு. குளம் பொது என்று பலகை வைத்துவிடலாம், தூர் வார யார் வருவார்? பாயின்க்கை வளர்த்ததில் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மானியமோ காலவரையறைக்கு உட்பட்டது. 2020 மார்ச் 31இல் ஸெட்டி புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. வேண்டிய தரவை அலசி முடித்தாயிற்று, விநியோகத்தைக் கட்டி மேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறது, இனி முடிவுகளை ஆராய வேண்டும் என்றார்கள். கணினிகளுக்குப் பஞ்சமில்லை, ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

நகலெடுக்கிறவர், திருத்துகிறவர், விநியோகிக்கிறவர் ஆகிய மூவரையே உரிமத்துக்குத் தெரியும். மின்சாரம் கொடுத்தவரும் இரவில் கண்விழித்துப் பழுது பார்த்தவரும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். பொதுவுடைமை பற்றி இனிப் பேசும்போது இந்த இரண்டு பேரிடமிருந்து தொடங்குவோம்.